வைல்டு டைப் குட்டிக்கும் ஒரு கண் சிறுத்திருக்கிறது: ஜீனோடைப்பிங் தவறா, வேறு காரணமா?

கேள்வி: நாவல்மரம்

வணக்கம். பிஎச்டி இரண்டாம் வருடம். சுண்டெலிகளில் 'ஸ்மால் ஐ' வரிசையை வளர்க்கிறேன். பாக்ஸ்6 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருக்கும், கண்கள் சிறுத்துப் பிறக்கும். பின்னணி சி57பிஎல்/6ஜே, சுருக்கமாகப் பி6 என்னும் கறுப்பு எலி வம்சம்.

போன ஈற்றில் 7 குட்டிகள். 14ஆம் நாள் கண் திறந்திருந்தது, ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். மூன்று குட்டிகளுக்கு இரண்டு கண்ணும் சிறிது, கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியாவின் நடுவில் பால் சொட்டு விட்டாற்போல் வெள்ளை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்னொரு பெண் குட்டிக்கு இடது கண் மிளகு மாதிரி பளபளவென்று இருக்கிறது, வலது கண் மட்டும் கடுகளவு. மரபணு வகை பார்க்க (ஜீனோடைப்பிங்) வால் நுனி டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டினால் அது வைல்டு டைப், அதாவது இரண்டு பிரதியும் நல்லது. மறுபடி டிஎன்ஏ எடுத்தேன், அதே பேண்டு. கைடு "சாம்பிள் மாறியிருக்கும்" என்கிறார். வால் நுனி வெட்டியதும் குழாயில் எண் எழுதியதும் நானே. மனம் ஒப்பவில்லை.

இதில் எனக்கு அவசரம் உண்டு. பெரியம்மா மகனுக்கு அனிரிடியா, கண்ணின் நிற வளையமான ஐரிஸ் இல்லாமல் பிறந்தவன். வெயிலில் நிமிர்ந்து பார்க்க மாட்டான். 19 வயதில் இப்போது கார்னியா மேல் இரத்தக் குழாய்கள் படர ஆரம்பித்துவிட்டன. அவனுக்கும் பழுது அதே பாக்ஸ்6இல்தான். ஒரு பிரதி குறைந்ததால்தானே இத்தனையும், இன்னொன்றைச் சேர்த்தால் சரியாகாதா என்றும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதில்: தாழை

வலது கண், பெண் குட்டி, பி6 பின்னணி. மூன்றையும் சேர்த்துப் படித்ததுமே உங்கள் கை சுத்தம் என்று தோன்றியது. இந்தக் கறுப்பு எலி வம்சத்தில் மரபணு மாற்றம் எதுவும் செய்யாத குட்டிகளுக்கே கண் சிறுத்துப் போவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். சில காலனிகளில் நூற்றுக்குப் பத்து வரை போகும். பெண்களுக்கு அதிகம், இடதை விட வலதுக்கு அதிகம்.

கருவின் 9.5ஆம் நாள் வாக்கில் மூளையிலிருந்து புடைத்து வரும் கண் குமிழ் மேல்தோலைத் தொடும். தொட்ட இடம் தடித்து, உள்வாங்கி, 11ஆம் நாள் வாக்கில் லென்ஸ் பையாகக் கழன்றுகொள்ளும். மேலே மிச்சமாகும் தோல்தான் கார்னியாவின் எபிதீலியம், அதாவது மேலடுக்கு. லென்ஸ் சிறிதாகவோ, கழலத் தாமதமாகவோ ஆனால் கார்னியாவோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், கண்ணும் வளராது. பாக்ஸ்6 குறைந்தாலும் இதுதான் நடக்கும், பி6 குட்டியிலும் இதுதான் நடக்கும். அதனால் சிறுத்த கண்ணை வெட்டிப் பார்த்து எது எதனால் என்று பிரிக்க முடியாது. இடது கண்ணைப் பாருங்கள். பாக்ஸ்6 ஒரு பிரதி போன எலிக்கு, பெரிதாகத் தெரியும் கண்ணிலும் கார்னியா மெலிந்திருக்கும், சளி சுரக்கும் கோப்லெட் செல்களும் உள்ளே வந்திருக்கும். நல்ல கார்னியாவில் அவை இருக்கவே கூடாது.

அதற்கு முன் ஒன்று. பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கி முடிந்ததும் என்சைம் வைத்து வெட்டித்தான் வகை பிரிக்கிறீர்களா? வெட்டு சரியாக விழாவிட்டால் ஹெட்டும் (ஒரு பிரதி கெட்ட எலி) வைல்டு டைப் போலவே ஓடும். சந்தேகமில்லாத ஒரு ஹெட் சாம்பிளையும் அதே குழாய் வரிசையில் வெட்டி அதே ஜெல்லில் ஓட்டுங்கள்.

பதில்: மணல்மேடு

தாழை அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அடுத்து நீங்கள் லீ-க்ரே பக்கம் போக வாய்ப்புண்டு. பாக்ஸ்6இன் கட்டுப்பாட்டுப் பகுதியை வைத்துச் செய்த எலி அது, லென்ஸிலும் கார்னியா எபிதீலியத்திலும் க்ரே ஓடும். லாக்ஸ்பி என்னும் குறிகளுக்கு நடுவில் வைத்த மரபணுவை வெட்டி நீக்கும் என்சைம்தான் க்ரே. நான் வேறொரு மரபணுவை அதை வைத்து நீக்கி, கண் சிறுத்ததைப் பார்த்து ஒன்றரை வருடம் மகிழ்ந்திருந்தேன். லாக்ஸ்பி இல்லாத, க்ரே மட்டும் உள்ள குட்டிகளை ஒப்பீட்டுக்கு வைக்கவில்லை. வைத்தபோது அவற்றின் கண்களும் சிறுத்திருந்தன. சில வம்சப் பின்னணிகளில் அந்தக் க்ரே மட்டுமே கண்ணைக் கெடுக்கும் என்று 2014இல் கட்டுரையே வந்திருக்கிறது. ஒரு அத்தியாயம் முழுவதையும் எடுத்துவிட்டேன்.

பிரதியைச் சேர்ப்பது பற்றி: 1996இல் மனித பாக்ஸ்6ஐ முழுதாகச் சுமந்த பெரிய டிஎன்ஏ துண்டை ஸ்மால் ஐ எலிக்குள் ஏற்றினார்கள், கண் மீண்டது. ஆனால் நல்ல எலிக்குள் பல பிரதிகள் ஏறியபோது அதற்கும் கண் சிறுத்துவிட்டது. குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும் மரபணு இது. உங்கள் தம்பி விஷயத்தில் இதை மனதில் வையுங்கள்.

நாவல்மரம் (இரண்டு மாதம் கழித்து)

அந்தக் குட்டியையும் கூடப்பிறந்த ஒரு ஹெட்டையும் 8 வாரம் வரை வளர்த்தேன். முதலில் ஜெல்: ஹெட் சாம்பிள் சுத்தமாக வெட்டியது, அந்தக் குட்டி மறுபடி வைல்டு டைப்தான்.

அப்புறம் இடது கண்கள். சளியைக் காட்டும் பிஏஎஸ் சாயம் போட்டு வெட்டுகளை வரிசையாகப் பார்த்தேன். ஹெட்டின் கார்னியாவில் அடுக்குகள் குறைவு, ஓரத்திலிருந்து உள்ளே வரை ஆங்காங்கே கத்தரிப்பூ நிறத்தில் உருண்டையாகக் கோப்லெட் செல்கள். நம் குட்டியுடையது கனமாக, சீராக, ஒரு கோப்லெட் செல்கூட இல்லாமல். கைடும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். "சரி, நோட்டில் எழுது" என்றார்.

எழுதப் போனபோதுதான் தெரிந்தது, முந்தைய ஈற்றுகளில் எல்லாம் 'கண் சிறிது' என்று மட்டும் குறித்திருக்கிறேன், எந்தப் பக்கம் என்று இல்லை. இந்த ஈற்றிலிருந்து வைல்டு டைப் உட்பட எல்லாக் குட்டிக்கும் வலது, இடது தனித்தனியாக, பாலினத்தோடு குறிக்கிறேன். பி6 வளர்க்கும் வேறு யாரிடமாவது பக்கம் குறித்த கணக்கு இருந்தால் இங்கே போடுங்கள்.