பாஸ்கர்வில்ஸ் 1902: பதிமூன்றாம் பக்கம் மட்டும் போதுமா?

கோட்டான்
கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல் ‘தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ பிரதி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஜார்ஜ் நியூன்ஸ் வெளியீடு, சிவப்புத் துணி பைண்டிங், தலைப்புப் பக்கத்தில் 1902. மறு அச்சு என்று எங்கேயும் இல்லை. 13-ஆம் பக்கம் மூன்றாவது வரியில் ‘யுவர்’ வர வேண்டிய இடத்தில் ‘யூ’ என்று இருக்கிறது. விற்பவர் அந்தப் பக்கத்தைக் காட்டி, “முதல் பதிப்பு, முதல் வெளியீடு, பேச்சே கிடையாது” என்கிறார். ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

ஓரக்குறிப்பு
யோசிக்காம வாங்குங்க. முதல் வெளியீடுன்னா, முதல் பதிப்புலயே பிழையைத் திருத்துறதுக்கு முன்னாடி வெளிய வந்த பிரதிகள். அந்த ‘யூ’வுக்காகத்தான் எல்லாரும் முதல்ல 13-ஆம் பக்கத்தைத் திருப்புறாங்க. 1892-ல வந்த ஹோம்ஸ் சிறுகதைத் தொகுப்பு ‘அட்வென்ச்சர்ஸ்’ புத்தகத்துக்கும் இதே மாதிரிதான். 317-ஆம் பக்கத்துல வயலட் ஹண்டர், ‘வயலன்ட்’ ஹண்டர்னு விழுந்திருக்கும். அட்டைப் படத்துல தெருப் பலகை வெறுமையா இருக்கும். பின்னாடி வந்த பிரதிகள்ல பலகையில பேர் ஏறிடுச்சு. ஹோம்ஸ் கிட்ட யோசனை கேட்க வந்த சாதுவான டீச்சரம்மாவை அச்சுக்கோக்குறவர் ரவுடி ஆக்கிட்டார் பாருங்க!

பழந்தாள்
அச்சுப்பிழை இல்லாவிட்டால் முதல் வெளியீடு இல்லை என்று சொல்லலாம். இருப்பதாலேயே முதல் வெளியீடு ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்தில் அச்சடித்த தாள் முழுவதையும் அன்றைக்கே பைண்ட் செய்துவிட மாட்டார்கள். விற்க விற்கக் கட்டுவார்கள். அதனால் முந்திய தாளும் பிந்திய அட்டையும் ஒரே புத்தகத்தில் சேரும். தலைப்புப் பக்கத்து ஆண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அடுத்த ஹோம்ஸ் தொகுப்பான ‘மெமாய்ர்ஸ்’ 1893 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது, ஆனால் உள்ளே போட்டிருப்பது 1894.

ஓரக்குறிப்பு
அப்ப எதைத்தான் சார் நம்புறது? பதிப்பாளரே வாயைத் திறந்து சொன்னாலும் நம்ப மாட்டீங்களா? 1939-ல வந்த ‘தி பிக் ஸ்லீப்’ல க்னாஃப் நிறுவனம் ‘முதல் பதிப்பு’ன்னு அச்சடிச்சே வெச்சிருக்கு. ஸ்கிரிப்னர்ஸ் 1930-ல இருந்து பதிப்புரிமைப் பக்கத்துல ‘ஏ’ எழுத்தைப் போட்டாங்க. எழுத்து இருந்தா முதல் அச்சு. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

பழந்தாள்
1930-க்கு அப்புறம் சரி. எஸ். எஸ். வான் டைனின் ‘தி பென்சன் மர்டர் கேஸ்’ அதே ஸ்கிரிப்னர்ஸ் போட்டதுதான், ஆனால் 1926. அதில் போய் ‘ஏ’ தேடினால் விடிய விடியத் தேட வேண்டியதுதான். ஒவ்வொரு பதிப்பாளருக்கும் ஒரு வழக்கம், அந்த வழக்கமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இன்னொன்று, பதிப்புரிமை ஆண்டு வேறு, அச்சடித்த ஆண்டு வேறு. அமெரிக்காவில் கிராஸெட் அண்ட் டன்லப் மாதிரி மலிவு மறுபதிப்புக் கம்பெனிகள் மூலப் பதிப்பாளரின் அச்சுத் தகடுகளை வாங்கி அப்படியே ஓட்டின. எழுத்து, பக்க எண், பதிப்புரிமை ஆண்டு எல்லாம் மூலத்தில் உள்ளபடியே இருக்கும். சேகரிக்க ஆரம்பித்த புதிதில் நானும் இதில் ஏமாந்தேன். பதிப்புரிமைப் பக்கத்தில் 1928 என்று பார்த்ததும் துள்ளிக் குதித்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து மேலுறையின் பின்மடிப்பைப் பிரித்தால் அதே எழுத்தாளரின் மற்ற நாவல்கள் பட்டியல். அதில் ஒன்று 1932-ல் வந்தது! நாலு வருஷம் கழித்து எழுதப்போகும் கதைக்கு முன்கூட்டியே விளம்பரம் போட்டிருக்கிறார்கள் போல.

காந்தள்
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ‘முதல்’ என்றால் எந்த நாட்டில் முதல்? அகதா கிறிஸ்டியின் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ 1920-ல் அமெரிக்காவில் ஜான் லேன் வெளியீடாக வந்தது. லண்டனில் பாட்லி ஹெட் போட்டது 1921-ல்தான். என்னைக் கேட்டால் 1920-தான் முதல். ஆனால் இங்கிலாந்து எழுத்தாளருக்கு இங்கிலாந்துப் பதிப்புதான் கணக்கு என்று சாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓரக்குறிப்பு
நான் அந்த ரகம்தாங்க. எழுத்தாளர் ப்ரூஃப் பார்க்கிறது சொந்த ஊர் பதிப்புக்குத்தானே?

காந்தள்
எப்போதும் அப்படி இல்லை. ‘மெமாய்ர்ஸ்’ அமெரிக்கப் பதிப்பை ஹார்ப்பர் போட்டபோது முதல் வெளியீட்டில் ‘கார்ட்போர்டு பாக்ஸ்’ கதை இருந்தது, அடுத்ததில் எடுத்துவிட்டார்கள். லண்டன் பதிப்பில் அந்தக் கதை சேர்க்கப்படவே இல்லை. ஆக, கூடுதல் கதை கிடைப்பது நீங்கள் ஒதுக்கும் பதிப்பில்தான்! ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ கதையை எடுத்தால் அது முதலில் வந்ததே 1887 பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் மலரில். டாயிலின் அப்பா வரைந்த படங்களோடு தனிப் புத்தகமானது 1888-ல். அதில் எது முதல் என்று ஆரம்பித்தால் இன்னொரு விவாத இழைதான் திறக்க வேண்டும்.

பழந்தாள்
கோட்டான், அந்த இழை இருக்கட்டும், உங்கள் புத்தகத்துக்கு வருவோம். சிட்னி பேஜெட் வரைந்த படத்தாள்கள் 16 இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் முதல் 20 பக்கங்களை ஒவ்வொரு தாளாகத் திருப்புங்கள். ‘யூ’வை மறந்துவிட்டுத் தாளை மட்டும் பாருங்கள். கறை, நிறம், விளிம்பு, தையல் ஓரம்.

ஓரக்குறிப்பு
ஹோம்ஸ் கதை படிச்சுப் படிச்சு எல்லாரும் ஹோம்ஸ் ஆயிட்டீங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆன புத்தகத்துல கறை இல்லாம இருந்தாத்தான் சந்தேகப்படணும்.

கோட்டான்
பார்த்தேன். 16 படங்களும் இருக்கின்றன. ஆனால் வேறொன்று உறுத்துகிறது. கீழ்மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு ஈரக்கறை, முதல் பக்கத்திலிருந்து 19 வரை வர வர மங்கிக்கொண்டே போகிறது. 11-12 தாளில் இருக்கிறது, 15-16 தாளிலும் இருக்கிறது. இடையில் 13-14 மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

பழந்தாள்
3-4 தாளில் கறை உண்டா? பெரிய தாளை மடித்துத் தைத்த 16 பக்கக் கட்டாக இருந்தால் 3-4, 13-14 இரண்டும் நடுவில் மடித்த ஒரே துண்டின் இரு பாதிகள். பைண்டர் அந்தத் துண்டை முழுதாக மாற்றியிருந்தால் இரண்டிலும் கறை இருக்காது. 13-ஆம் பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவியும் பாருங்கள், எழுத்து பதிந்த மேடு தட்டுப்படுகிறதா?

கோட்டான்
3-4 தாளில் கறை நன்றாகவே இருக்கிறது. 13-14 தாளில் எழுத்துப் பதிவும் விரலுக்குத் தட்டுப்படுகிறது, அதனால் நகல் மாதிரி தெரியவில்லை. ஆனால் தையல் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் மெல்லிய பசைத் திட்டு தடுக்கிறது. கீழ் விளிம்பும் பக்கத்துத் தாள்களைவிட ஒரு மயிரிழை குட்டை.

பழந்தாள்
பழைய தாளை அறுத்துவிட்டு, வேறு பிரதியிலிருந்து எடுத்த தாளை மிச்ச ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கிழிந்ததைச் சரிசெய்ய ஒட்டியதாகவும் இருக்கலாம். ஆனால் புத்தகம் முழுக்க இருக்கும் தாள்களில் சரியாக அந்தத் தாள்தான் கிழிந்ததா என்று விற்பவரைக் கேளுங்கள்.

காந்தள்
படம் பிடித்து இங்கேயும் போடுங்கள் கோட்டான். பசைத் திட்டு தெரிகிற மாதிரி, பக்கவாட்டு வெளிச்சத்தில்.

ஓரக்குறிப்பு
சரி, கோட்டான், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், திருப்பிக் கொடுத்துடுங்க. ஆனா பழந்தாள் சார், அந்த ஒரு தாள் நிஜமான முதல் வெளியீட்டுத் தாள்தானே? அப்படின்னா எங்கேயோ ஒரு பிரதி 13-ஆம் பக்கம் இல்லாம கிடக்குது.

பழந்தாள்
இருக்கும். ‘ஒரு தாள் குறை’ என்று போட்டு மலிவாகத் தள்ளுவார்கள். கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.