டகோட்டாவின் ட்வின் வாஸ்ப் எஞ்சின்: கையால் தடவிப் பார்க்கிற அளவில் மாடல் கிட் கிடைக்குமா?

திருச்சிக்காரன்:

வணக்கம். விமானம் வேண்டாம், எஞ்சின் மட்டும் வேண்டும். பிராட் அண்ட் விட்னி ஆர்-1830, அதாவது டகோட்டா சரக்கு விமானத்தில் இருந்த ட்வின் வாஸ்ப். வட்டமாகச் சிலிண்டர்கள் நிற்கிற ரேடியல் எஞ்சின்: 14 சிலிண்டர், ஏழேழாக இரண்டு வரிசை. அளவு அசலில் 1/8க்குக் குறையக் கூடாது, 1/6 என்றால் இன்னும் நல்லது. ஏன் இந்தப் பிடிவாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டர். தாம்பரத்தில் பயிற்சி முடித்துவிட்டு ஜோர்ஹாட்டில் டகோட்டாக்களோடு பல வருடம் இருந்தார். வடகிழக்கு மலைகளில் ரோடு போகாத காவல் நிலைகளுக்கு மூட்டை மூட்டையாக அரிசி போட்டுவந்த விமானங்கள். இப்போது வயது 83. கிளாகோமாவில் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. எதையும் விரலால்தான் பார்க்கிறார்.

போன மாதம் என் பையன் அவர் கையில் ஒரு சாத்துக்குடியைக் கொடுத்து, "தாத்தா, உங்க எஞ்சின் எந்த ஆர்டர்ல வெடிக்கும்?" என்று கேட்டான். அப்பா பழத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்: 1, 10, 5, 14, 9, 4, 13, 8, 3, 12, 7, 2, 11, 6. ஒற்றைப்படை எண்ணுக்கு விரல் பழத்தின் பின்பக்கம் போனது, இரட்டைப்படைக்கு முன்பக்கம் வந்தது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. "ஒன்பது கூட்டு, 14-ஐத் தாண்டினா கூட்டாதே, அஞ்சு கழி. அவ்வளவுதான்" என்று பையனுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அன்று ராத்திரியே தேட ஆரம்பித்தேன். ஒரு ஆன்லைன் கடையில் 'லார்ஜ் ஸ்கேல்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். அளவை எங்கேயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. வந்தது 1/48 ரெசின், குறுக்கே ஒரே அங்குலம். அப்பா வாங்கிப் பார்த்த வேகத்தில் இரண்டு புஷ்ராடு (வால்வைத் தள்ளுகிற கம்பி) ஒடிந்துவிட்டது. "நான் உடைச்சிட்டேனா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அப்பா அப்படிக் கேட்டதுதான் மனதில் நிற்கிறது.

ஓட வேண்டியதில்லை. புரொப்பெல்லர் தண்டு சுழன்றால் போதும். விரல் பட்டால் உடையக் கூடாது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பசைக்குப்பி:

முப்பது வருடமாகப் பிளாஸ்டிக் கிட் ஒட்டுகிறவன். உங்களுக்கு நேரான பதில்: இந்த எஞ்சின் மட்டும் 1/6-இல் முழுக் கிட்டாகக் கடையில் விற்று நான் பார்த்ததில்லை. ரேடியல் எஞ்சின் பெரிதாக வேண்டுமென்றால் பெரிய விமானக் கிட்டுக்குள்தான் தேட வேண்டும். டிரம்பீட்டரின் 1/32 வைல்ட்கேட், ஹாபி பாஸின் 1/32 லிபரேட்டர் இரண்டிலும் உங்கள் ஆர்-1830 இருக்கிறது. ஆனால் அசல் எஞ்சினின் குறுக்களவு 48 அங்குலம். 32-ஆல் வகுத்தால் ஒன்றரை அங்குலம். பெரிய எலுமிச்சம்பழம்தான். பிளாஸ்டிக்கில் இதைவிடப் பெரியது 1/24: ஏர்ஃபிக்ஸ் 2019-இல் விட்ட ஹெல்கேட் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது 18 சிலிண்டர் ஆர்-2800. உங்கள் அப்பா ஒரே தடவலில் "இது என் எஞ்சின் இல்லை" என்று சொல்லிவிடுவார்.

அமெரிக்காவில் வில்லியம்ஸ் பிரதர்ஸ் என்று ஒரு பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரேடியோ கன்ட்ரோல் விமானங்களின் மூக்கில் ஒட்டுவதற்காகப் பொம்மைச் சிலிண்டர்களைப் பிளாஸ்டிக்கில் போட்டார்கள். ரைட் வேர்ல்விண்ட், வாஸ்ப் என்று பல அளவில் உண்டு. சிலிண்டரைத் தனித்தனியாக வாங்கலாம். அதில் 14 வாங்கி நீங்களே கிராங்க்கேஸ் (சிலிண்டர்கள் பொருந்துகிற நடுக்கூடு) செய்து பொருத்தலாம் என்று தோன்றும். ஆனால் அவை ஒற்றை வரிசை எஞ்சினின் சிலிண்டர்கள், புஷ்ராடு எல்லாம் முன்பக்கம். ட்வின் வாஸ்பில் அப்படிக் கிடையாது, பின்வரிசைக்குப் புஷ்ராடு பின்பக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

லேத்_கோவை:

திருச்சிக்காரன் சார், ஓடுகிற எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை, பிறகு விஷயத்துக்கு வருகிறேன். ஓ.எஸ்., சைட்டோ இரண்டு ஜப்பான் கம்பெனிகளும் சின்ன ரேடியல் எஞ்சின்கள் செய்திருக்கின்றன, அழகாக ஓடும். ஆனால் அவை மாடல் விமானத்தை இழுக்கச் செய்தவை, ட்வின் வாஸ்பின் நகல் இல்லை. வரைபடம் வாங்கி லேத்தில் கடைகிற ஹாட்ஜ்சன் ஒன்பது சிலிண்டரும் உண்டு, அதற்குச் சில வருட உழைப்பு வேண்டும். அப்பாவின் வயதைப் பார்த்தால் அந்த வழி வேண்டாம்.

நீங்களே செய்யுங்கள், 1/6-இல். குறுக்களவு 8 அங்குலம் வரும், டிபன் தட்டு அகலம். இரண்டு கையாலும் பிடிக்கலாம். சிலிண்டர் துவாரம் அசலில் ஐந்தரை அங்குலம், உங்களுக்கு 23 மி.மீ. சொச்சம். விரல் நுனிக்கு அது நன்றாகவே தெரியும்.

சிலிண்டருக்குப் பழைய வழி ஒன்று சொல்கிறேன். பிளாஸ்டிக் ஷீட்டில் இரண்டு அளவில் வட்டத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. நடுவில் துளை. லேசர் கட்டிங் கடையில் கொடுத்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு கம்பியில் பெரியது, சிறியது, பெரியது, சிறியது என்று கோர்த்து ஒட்டினால் அதுதான் ஃபின் (சூட்டைக் காற்றில் விடுகிற மெல்லிய தகடு) வைத்த சிலிண்டர். அந்தக் காலத்தில் இதற்கும் வழியில்லாதவர்கள் மரக்குச்சியில் நூலை நெருக்கமாகச் சுற்றி வார்னிஷ் அடித்தார்கள்.

இங்கே கவனம். படம் எடுத்துப் போடுவதற்கான மாடல் என்றால் ஃபின் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு அழகு. உங்களுடையது தடவுவதற்கு. 1/6-இல் அசல் ஃபின்களை அப்படியே சுருக்கினால் விரலுக்குச் சொரசொரப்பாக மட்டும்தான் தெரியும், உடையவும் செய்யும். பாதி ஃபின்னை விட்டுவிட்டு மீதியைத் தடிமனாக வையுங்கள். விளிம்பை எமரி தாளால் உருட்டிவிடுங்கள், வெட்டின அக்ரிலிக் விரலைக் கிழிக்கும். புஷ்ராடு குழாய்க்குப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், 2 மி.மீ. பித்தளைக் கம்பி போடுங்கள்.

கிராங்க்கேஸ்தான் வேலை. ஏழு முகம், 360-ஐ ஏழால் வகுத்தால் முழு எண் வராது. அதைக் கையால் வெட்டாமல் 3டி பிரிண்ட் எடுத்துவிடுங்கள். முன்வரிசை பின்வரிசையைவிட 25.7 டிகிரி திரும்பி இருக்க வேண்டும், அப்போதுதான் பின் சிலிண்டர்களுக்கு முன் சிலிண்டர்களின் இடுக்கு வழியாகக் காற்று போகும். பிரிண்ட் எடுத்த பாகத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பசைக்குப்பி:

லேத் அண்ணன் சொல்வதுதான் சரி. வரைபடத்துக்கு அமெரிக்காவில் ஏர்கிராஃப்ட் இன்ஜின் ஹிஸ்டாரிகல் சொசைட்டி என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அவர்கள் தளத்தைப் பாருங்கள். போர்க்கால ஓவர்ஹால் மேனுவல்களும் இணையத்தில் கிடைக்கின்றன. குறுக்குவெட்டுப் படத்தை அளவு மாற்றிப் பிரிண்ட் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இன்னொன்று: கழித்துப்போட்ட ரேடியல் பிஸ்டன்களைச் சேகரிப்பவர்கள் விற்பதுண்டு, மேசை விளக்காகவும் ஆஷ்டிரேயாகவும் மாற்றியிருப்பார்கள். ஒரு அசல் பிஸ்டன் கிடைத்தால் மாடலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

திருச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஒரு சிலிண்டர் முடிந்துவிட்டது.

லேசர் கடையில் ஒரு மி.மீ. அக்ரிலிக்கில் வட்டங்கள் வெட்டி வாங்கினேன். லேத் அண்ணா சொன்னபடி ஃபின்னைக் குறைத்து, விளிம்பை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உருட்டினேன். தலைப்பகுதியும் வால்வுக்கு மேலே வருகிற ராக்கர் பாக்ஸ் இரண்டும் பிரிண்ட். பித்தளைக் கம்பி பளபளவென்று இருந்தது, கறுப்பு அடித்துவிட்டேன். பிறகுதான் அந்தக் கறுப்பு யாருக்கு என்று யோசித்தேன். இருக்கட்டும், பேரனுக்காவது தெரியும்.

நேற்று சாயங்காலம் காபி குடித்து முடித்ததும் அப்பா கையில் வைத்தேன். முதலில் இரண்டு விரலால் மட்டும், அந்த ரெசின் நினைவு போல, பயந்து பயந்து பிடித்தார். "உடையாதுப்பா, அழுத்திப் பாருங்க" என்றேன். ஃபின்களை மேலிருந்து கீழே நகத்தால் ஒரு இழு இழுத்தார், சீப்பைக் கீறின மாதிரி சத்தம் வந்தது. அப்புறம் புஷ்ராடைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை மெதுவாகத் திருப்பி, "இது முன்வரிசை" என்றார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எந்த நம்பர்?" என்று கேட்டார். "இன்னும் நம்பர் வைக்கலைப்பா." "அப்ப இதை எட்டா வை."

எட்டு முன்வரிசையில் நேர் கீழே தொங்குகிற சிலிண்டர். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் விடியற்காலையில் புரொப்பெல்லரைக் கையால் தள்ளிச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது இறுகினால் பலவந்தமாகத் தள்ளவும் கூடாது, பின்னால் திருப்பவும் கூடாது, கீழ்ச் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். ஜோர்ஹாட் குளிரில் அவர் கை முதலில் போன இடம் எட்டாம் நம்பர் பிளக்தான் என்றார். இத்தனை வருடத்தில் எனக்கு அவர் இதைச் சொன்னதே இல்லை.

ஆகவே எட்டு முடிந்தது, இன்னும் 13 இருக்கிறது. ஒரு உதவி: எட்டாம் சிலிண்டரில் பிளக் துளை இரண்டும் சரியாக எந்தக் கோணத்தில் வரும் என்று காட்டுகிற பக்கவாட்டுப் படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். நான் வைத்த இடத்தை அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "ஸ்பானர் போகாது" என்றுவிட்டார்.