தருமுனை, பெறுமுனை: மேடைவிளக்கு வயர்களுக்குச் சொல் வேண்டி

அன்புள்ள ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் எழுதிவரும் மேடைவிளக்குக் கையேட்டின் மூன்றாம் இயலுக்காக இங்கே கேட்டிருந்த தமிழ்ச் சொற்களுக்கு வந்த பதில்களை இரண்டு முறை படித்தேன். பிளக்குக்குச் 'செருகி', சாக்கெட்டுக்குக் 'குதை' என்று யாழ்ப்பாணத்து அம்மா எழுதியதை அப்படியே ஏற்கிறேன். வில்லின் நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்கு முன்பே குதை என்று பெயர் உண்டு. ஒன்று வந்து மாட்டிக்கொள்ளும் இடம் என்ற பொருள் அதில் ஊறிக் கிடக்கிறது. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

எனக்குத் தீராமல் இருப்பது ஐயா எழுதிய அடுத்த வரி.

> வயரின் இரு நுனிகளையும் ஆண் இணைப்பி, பெண் இணைப்பி என்றே விட்டுவிடலாமே. கடைக்காரருக்கும் புரியும்.

கடைக்காரருக்குப் புரியும் என்பது உண்மைதான் ஐயா. நானும் கடையில் அப்படிக் கேட்டுத்தான் வாங்குகிறேன். ஆனால் அந்தப் பெயர் உருவத்தை மட்டுமே சொல்கிறது. மேடையில் வயரைக் கையில் எடுப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது, மின்சாரம் எந்த நுனியிலிருந்து வெளியே வரும் என்பது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரி அரங்கில் நாடகத்துக்கு விளக்கு கட்டிக்கொண்டிருந்தோம். பக்கவாட்டுக் கம்பத்துக்கு வயர் பத்தடி போதவில்லை. அரங்கின் சாமான் அறையிலிருந்து ஒரு வயரைச் சுருட்டி எடுத்து வந்து கொடுத்தார்கள். எங்களோடு வந்திருந்த பையன் ஒரு நுனியைச் சுவிட்ச் பலகையில் செருகிவிட்டு மறுநுனியோடு ஏணியில் ஏறினான். நான்காவது படியில் அவன் கையைப் பார்த்தேன். அந்த நுனியிலும் மூன்று ஊசி பிளக் டாப். மூடியில் திருகு இல்லை, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பித்தளை ஊசிகள் மூன்றும் அவன் விரல்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜெனரேட்டர் கரண்டைச் சுவர் சாக்கெட் வழியாக அறைக்குள் ஏற்றுவதற்காக யாரோ செய்துவைத்த வயர் அது. கீழே சுவிட்ச் போடப்படாமல் இருந்ததால் அன்று பிழைத்தோம். நான் பலகையிலிருந்து உருவிய பிறகே அவனை இறங்கச் சொன்னேன்.

அந்த வயரை 'இரண்டு பக்கமும் ஆண்' என்று சொன்னால் அதில் தவறு எதுவும் ஒலிக்கவில்லை. அப்படி ஒரு வகை உண்டு போலும் என்றே புதியவன் நினைப்பான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மைக்கின் அடியில் ஊசிகள் இருக்கின்றன, ஒலி அந்த ஊசிகள் வழியாகத்தான் வெளியே வருகிறது. மேசையிலிருந்து விளக்குகளுக்கு டி.எம்.எக்ஸ். 512 என்ற முறையில் கட்டளை போகும் வயரில் இது தலைகீழ்: கட்டுப்பாட்டு மேசையின் வெளிவாய் துளை, விளக்கின் உள்வாய் ஊசி. எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் ஒரே வட்ட இணைப்பிக் குடும்பத்துக்குள்ளேயே ஒலியில் ஆண் கொடுக்கிறது, ஒளியில் பெண் கொடுக்கிறது. விளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பவர்கான் வகை இணைப்பியை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். வயரின் ஒரு நுனி நீலம், மறுநுனி சாம்பல். இரண்டும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும், ஊசி எதுவும் வெளியே நீளாது. அங்கே எதை ஆண் என்பது?

ஆகவே என் முன்மொழிவு: உருவத்துக்குச் செருகி, குதை. திசைக்குத் தருமுனை, பெறுமுனை. இந்த இரண்டு இணைகளையும் கலக்காமல் வைத்துக்கொள்வோம்.

'தருவாய், பெறுவாய்' என்று நண்பர் ஒருவர் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தனியே படித்தால் 'நீ தருவாய்' என்ற வினைமுற்று முந்திக்கொள்கிறது, காதில் 'தறுவாய்' என்றும் விழும். 'தலை' என்று சேர்த்தால் தறுதலையில் போய் முடியும். முனை என்பது நேர்முனை, எதிர்முனையோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மேடைக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். அங்கே நேர்முனை, எதிர்முனைக்கு வேலை இல்லை. 'வயர் முனையை உரி' என்று நாம் அன்றாடம் சொல்வதும் இதே முனைதான்.

தருமுனை வினைத்தொகை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். தந்த முனை, தருகின்ற முனை, தரும் முனை என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். சுவிட்ச் அணைந்திருந்தாலும் அது தருமுனைதான், அந்த நினைப்போடுதான் தொட வேண்டும். விதியையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்: மின்சார வயரின் தருமுனையில் ஊசி வெளியே தெரியக் கூடாது. அன்று பையன் கையில் இருந்த வயர் இரண்டு பக்கமும் பெறுமுனை உருவம் கொண்டது. இரண்டு பக்கமும் பெறுமானால் தருவது எது என்ற கேள்வி பெயரிலேயே எழுந்துவிடுகிறது. ஆண், பெண் என்ற சொற்கள் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

இயலுக்குள் இந்தச் சொற்கள் எப்படி உட்காரும் என்று எழுதிப் பார்த்தேன்.

"ஒரு கிலோவாட் 'பார்' (PAR) வகை விளக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் செருகி அதற்குப் போதும். ஒரே வயரில் இரண்டு விளக்கு மாட்டினால் 8.7 ஆம்பியர் ஆகிவிடும். 16 ஆம்பியர் செருகியும் அதற்கேற்ற தடிமனான வயரும் வேண்டும். பெறுமுனையில் செருகி மாட்டாமல், உரித்த கம்பியைக் குதைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவதை எந்த அவசரத்திலும் செய்யாதே. செருகியின் புவியூசி (எர்த் பின்) மற்ற இரண்டையும் விட நீளம், தடிமன். அது முதலில் தொட்டுக் கடைசியில் விடும்படி செய்யப்பட்டது. அதற்கு வரும் புவிக்கம்பியை மடக்கி டேப் சுற்றிவிடாதே."

நம் மூன்று உருளை ஊசிச் செருகி பழையது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பிரிட்டனில் வீடுகள் தட்டை ஊசி கொண்ட 13 ஆம்பியர் செருகிக்கு மாறிய பிறகும், நாடக அரங்குகள் 15 ஆம்பியர் உருளை ஊசியை விடவில்லை. தட்டை ஊசிச் செருகிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. காட்சி நடக்கும்போது உயரத்துக் கம்பத்தில் அது எரிந்து போனால் யார் ஏறி மாற்றுவது? நம்முடைய 16 ஆம்பியர் செருகி அந்த உருளை ஊசி வழியில் வந்ததுதான். மேடைக்கு அதையே பரிந்துரைக்கப் போகிறேன். மழையில் நனையக்கூடிய திறந்தவெளி மேடைகளுக்கு மட்டும் மூடி போட்ட நீல நிறத் தொழிற்சாலைச் செருகி; அதே வகையில் சிவப்பு 400 வோல்ட்டுக்கு உரியது என்பதை அருகிலேயே எழுதிவிடுவேன்.

பவர்கானுக்குத் தமிழ்ப் பெயர் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன், அது வணிகப் பெயர். ஆனால் அதன் முதல் வகையை விளக்கு எரியும்போது கழற்றக் கூடாது. இந்த எச்சரிக்கைக்குச் 'சுமையில் கழற்றாதே' என்று எழுதலாமா, 'எரியும்போது கழற்றாதே' என்று எழுதலாமா? ஏணியில் நிற்பவனுக்கு இரண்டாவதுதான் உடனே எட்டும் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்து அம்மாவிடம் ஒரு கேள்வி. விளக்கின் உடம்பிலேயே பொருத்தப்பட்டு, ஊசிகள் உள்ளே பதிந்திருக்கும் அந்த வாய்க்கு உங்கள் பக்கத்தில் தனிச்சொல் உண்டா? உருவத்தில் அது குதை போலத் தெரிகிறது, வேலையில் பெறுமுனை. 'பதிசெருகி' என்று குறித்து வைத்திருக்கிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை.

அன்புடன்.