கட்டடக்கலைக் கட்டணமும் ஒருதலைப்பட்ச நிபந்தனைகளும்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிறு அலுவலகம் விண்ணப்பிக்க எண்ணியுள்ள ஒரு மாநில அரசு மருத்துவமனைக் கட்டடத்தின் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில், மிகக் குறைந்த கட்டணம் கேட்கும் ஆர்க்கிடெக்டுக்கே பணி என்பதோடு, வரைபடங்களை எத்தனை முறை திருத்தினாலும் கூடுதல் கட்டணம் இல்லை என்றும், திட்டம் கைவிடப்பட்டால் முடித்த வேலைக்கும் பணம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். கைவிட்டால் பணம் இல்லை என்ற கடைசி நிபந்தனை வெளிப்படையான அநீதி. ஆர்க்கிடெக்டுகளைப் பதிவுசெய்து நெறிப்படுத்தும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் 1989ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிமுறைகள் நம்மைத்தான் கட்டுப்படுத்துகின்றனவே தவிர, பணி தரும் துறையை அல்ல. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஆலோசகரைத் தரத்தையும் கட்டணத்தையும் சேர்த்து மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்க இடம் தருகின்றன. ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் இதைச் சுட்டிக்காட்டி, மாநிலத் துறை எதிலாவது நிபந்தனையை மாற்றவைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கட்டம் வாரியாகப் பணம் தருவதற்கான ஒப்பந்த வாசகம் கைவசம் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.