ஆயில் ஃபில்டர் அசைய மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கானாடுகாத்தானில் வீட்டு வாசலிலேயே ஆல்ட்டோவுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய ஆயில் வடிந்தாயிற்று, டிரெய்ன் போல்ட்டும் புது வாஷரோடு மாட்டியாயிற்று. ஃபில்டர் மட்டும் கழலவில்லை. போன முறை சர்வீஸ் செய்த இடத்தில் ரெஞ்ச் போட்டு இறுக்கியிருப்பார்கள் போல. ஃபில்டரை மாட்டும்போது அதன் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று திருப்பினால் போதும். அவர்களுக்குத் தெரியாததா என்ன!

கீழிருந்து பார்த்து, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் திருப்புகிறேன். உப்புத்தாள் சுற்றிப் பிடித்தும் பார்த்தேன். பெல்ட் ரெஞ்ச் வழுக்குகிறது, டப்பாவும் லேசாக நசுங்கிவிட்டது. எஞ்சின் சூடாக இருந்தால் சுலபம் என்பார்கள். ஆயில் இல்லாமல் எப்படி ஸ்டார்ட் செய்வது? ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பு என்கிறார் சித்தப்பா. தகடு கிழிந்து அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நின்றுவிட்டால் பிடிக்கவே இடம் இருக்காது, அதனால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இதற்கிடையே, எண்ணெய்க் கையோடு ஆத்தங்குடிக் கல் தரையில் கால் வைக்காதே என்று ஆச்சி வேறு காவல்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நசுங்கிய டப்பாவுக்கு மூன்று கால் ரெஞ்ச் பிடிக்குமா, செயின் ரெஞ்ச் நல்லதா? மூன்று கால் ரெஞ்சை மாட்டித் திருப்ப ராட்செட் என்னிடம் இருக்கிறது. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் இவை எந்தக் கடையில் கிடைக்கும்? பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் இரவல் தர முடியுமா? வண்டியை நகர்த்த முடியாது, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.