புதுப்பிப்பு: காரைக்குடியில் உடற்பயிற்சி உடலியங்கியல் பணி

உடற்கல்வியில் முதுகலை முடித்துக் காரைக்குடியில் பயிற்சியாளராகப் பணிபுரியும் நான், உடற்பயிற்சியின்போது உடல் இயங்கும் விதத்தை ஆராயும் உடற்பயிற்சி உடலியங்கியல் துறையில் வளர எந்தச் சான்றிதழ் உதவும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

1954இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பான ஏசிஎஸ்எம் நடத்தும் உடற்பயிற்சி உடலியங்கியலாளர் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். பட்டத்தோடு இதய உயிர்ப்பு முதலுதவி (சிபிஆர்) சான்றும் கேட்கிறார்கள். பெற்ற சான்றிதழையும் தொடர்கல்வி மூலம் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கண்டிப்பு அவசியமானது என்றே கருதுகிறேன்.

ஏனெனில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தனித்து வாழும் ஆச்சிகளும் ஐயாக்களும் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தை உட்கொள்பவருக்கு உழைப்புக்கு ஏற்ப நாடித்துடிப்பு உயராது என்பதால், 220இலிருந்து வயதைக் கழித்துக் கிடைக்கும் உச்ச நாடித்துடிப்பை வைத்து இலக்கு வகுத்தால், அதை எட்டுவதற்காக அவர் தம் சக்திக்கு மீறி உழைக்க நேரிடும். அத்தகையவர்களுக்கு, உணரும் சிரமத்தை 6 முதல் 20 வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலே பாதுகாப்பான வழிகாட்டி. இன்சுலின் போடுபவரின் சர்க்கரை அளவைப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் பார்க்க வேண்டும். ஆனால் மருந்தின் அளவை மாற்றச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு, நம்முடையதன்று. நெஞ்சுவலி என்று ஒருவர் சொன்னால், பயிற்சியை அப்போதே நிறுத்தி மருத்துவமனைக்கு அனுப்புவதில் தயக்கமே கூடாது.

ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் எழுதி, அவர்கள் இசைவுடன் அவரவர் மருத்துவருக்கு அனுப்பத் தொடங்கியுள்ளேன். மதுரை, திருச்சிப் பகுதியில் இதய மறுவாழ்வுப் பிரிவுகளில் மேற்பார்வையுடன் பயிற்சி பெற்றவர்கள் இருந்தால், அந்த வாய்ப்பை எவ்வாறு அணுகுவது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.