தரைத்தளக் குளியலறையில் கழிவுநீர் மேலேறி வருகிறது: அடைப்பு எங்கே என்று எப்படிக் கண்டறிவது?

மாம்பலம் தரைத்தளம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னை மேற்கு மாம்பலத்தில், கட்டி முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட மூன்று மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், வயதான மாமியாரோடு நாங்கள் குடியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு, காலையில் மாடி வீட்டுக்காரர்கள் குளிக்கும் நேரத்திலும் துணி துவைக்கும் நேரத்திலும் எங்கள் குளியலறைத் தரையில் நீர் வடியும் வாயான நஹானி ட்ராப் வழியாகச் சோப்பு நுரையும் கறுப்பு நீரும் மேலே வந்து தரையில் பரவுகின்றன. சிறிது நேரத்தில் அது தானாகவே வடிந்துவிடுகிறது. சமையலறை சின்க்கிலும் தண்ணீர் இறங்கத் தாமதமாகிறது. மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்தால் எங்கள் கழிவறைக் கோப்பைக்குள் களக் களக் என்று சத்தம் கேட்கிறது, அதைத் தொடர்ந்து நாற்றமும் வருகிறது.

முதலில் வந்த பிளம்பர் எங்கள் ட்ராப் வழியாக ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுற்றிவிட்டுப் போனார். சில நாள்கள் சரியாக இருந்தது, பிறகு பழைய கதைதான். அடுத்து வந்தவர், குளியலறைத் தரையை முழுவதும் உடைத்துப் புதிய குழாய் போட்டால்தான் தீரும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்கிறார். ஆசிட் ஊற்றினால் போதும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். வழுக்கும் அந்தத் தரையில் மாமியார் நடமாடுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. குறை எங்கள் வீட்டுக் குழாயில் இருக்கிறதா, பொதுக் குழாயில் இருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் தரையை உடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:

வணக்கம் அம்மா. தரையை இப்போதைக்கு உடைக்க வேண்டாம். நீங்கள் தண்ணீர் விடாத நேரத்தில், மாடி வீடுகள் தண்ணீர் விடும்போது உங்கள் வீட்டில் நீர் மேலேறுகிறது என்றால், அவர்களுடைய குழாயும் உங்கள் குழாயும் சேரும் இடத்தைத் தாண்டித்தான் அடைப்பு இருக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கிய நீர் போக வழியில்லாமல், அந்தக் குழாய்த் தொடரில் எந்த வாய் எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வருகிறது. உங்கள் குளியலறைத் தரை அந்தத் தாழ்ந்த வாயாக அமைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக வடிவதால், அடைப்பு முழுமையானதன்று, நீர் கசிந்து போகும் அளவுக்கு வழி இருக்கிறது என்றும் கொள்ளலாம்.

இடத்தைக் கண்டறிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தரையடித் தொட்டி) மூடிகளைத் திறந்து பார்த்தாலே போதும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சேம்பரில் தொடங்கி, தெருவை நோக்கி ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லுங்கள். திறந்தவுடன் யாரும் குனிந்து முகர வேண்டாம், சற்று நேரம் காற்றாட விட்டுப் பிறகு பாருங்கள். நீர் நிறைந்து நிற்கும் சேம்பருக்கும் அதற்கு அடுத்து வறண்டிருக்கும் சேம்பருக்கும் இடைப்பட்ட குழாயில்தான் அடைப்பு இருக்கும். எல்லாச் சேம்பர்களும் நிறைந்திருந்தால் அடைப்பு கடைசிச் சேம்பருக்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவிலோ தெருக் கழிவுநீர்க் குழாயிலோ இருக்கிறது. எல்லாமே வறண்டிருந்தால்தான் உங்கள் வீட்டுக்குள் தேட வேண்டும்.

சேம்பரின் அடியில் அரைவட்டமாக ஒரு வாய்க்கால் இருக்கும், அதன் இருபுறமும் சிமென்ட் சரிவு பூசியிருப்பார்கள். ஆரோக்கியமான சேம்பரில் நீர் அந்த வாய்க்காலுக்குள் மட்டும் ஓடும், சரிவு காய்ந்திருக்கும். நீங்கள் பார்க்கும் நேரத்தில் நீர் வடிந்துபோயிருந்தாலும் கவலையில்லை. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு கோடாகப் படிந்திருக்கும், நீர் எந்த உயரம் வரை ஏறி நின்றது என்பதை அந்தக் கோடு காட்டிவிடும். பல குடியிருப்புகளில் கார் நிறுத்தும் இடத்துக்கு டைல்ஸ் பதிக்கும்போது சேம்பர் மூடிகளையும் சேர்த்தே மூடிவிடுகிறார்கள். உங்கள் வளாகத்தில் எண்ணிக்கை குறைவதுபோல் தோன்றினால், குழாய் போகும் திசையில் தரையைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி வரும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, வீட்டுச் சுவருக்கு வெளியே கம்பி மூடியுடன் இருக்கும் கல்லி ட்ராப். அது குளியலறைத் தரையைவிடத் தாழ்வாக அமைந்து, திறந்த மூடியுடன் இருந்தால், தொடரில் நீர் மிஞ்சும்போது அங்கே வெளியே வழிந்து வீட்டைக் காப்பாற்றும். அதைச் சிமென்ட் பூசி அடைத்துவிட்ட வீடுகளில்தான் கழிவுநீர் உள்ளே வருகிறது. சென்னையின் பழைய தெருக்களில் சாலையைச் சுரண்டாமல் மேல்மேலே தார் போட்டதில் தெரு உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. தெரு மேன்ஹோல் மூடி உங்கள் தரையைவிட உயரமாக இருந்தால், மழையில் தெருக் குழாய் நிரம்பும்போதும் உங்கள் வீட்டில்தான் முதலில் தெரியும்.

இன்னொன்று, மொட்டைமாடிக்குப் போகும் காற்றுக் குழாய். ஒவ்வொரு ட்ராப்பிலும் 50 மில்லிமீட்டர் அளவுக்கு நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. மேலிருந்து நீர் வேகமாக இறங்கும்போது குழாய்க்குள் காற்று வந்து சேராவிட்டால், அந்த நீர் உறிஞ்சப்பட்டுவிடும், உடனே நாற்றம் வரும். கொசுவுக்காகக் காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டுவது சரி, ஆனால் பாலித்தீன் பையைக் கட்டி அடைப்பது தவறு. அடைப்பு நீங்கிய பிறகும் அந்தச் சத்தம் தொடர்ந்தால் மாடிக்கு ஆள் அனுப்பிப் பாருங்கள்.

பிளம்பிங் ஒப்பந்ததாரர்:

ஐயா சொன்ன வரிசையில் பார்ப்பதுதான் சரி. ஆசிட் வேண்டவே வேண்டாம் அம்மா. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்புப் படிவைக் கரைக்குமே தவிர, முடியையும் எண்ணெய்க் கொழுப்பையும் கரைக்காது. பழைய சுட்டமண் குழாய்களின் சிமென்ட் இணைப்பை அது அரித்துவிடும், மார்பிள் தரையையும் கெடுக்கும். ஏற்கெனவே யாராவது பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தால், அதன்மேல் ஆசிட் பட்டவுடன் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. காஸ்டிக் சோடா கலந்த தூள் கொழுப்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால், நீர் தேங்கி நிற்கும் குழாயில் போட்டால் அது அங்கேயே சூடேறி நிற்கும், பிறகு கம்பி விடுகிற எங்கள் ஆட்களின் கண்ணிலும் கையிலும் தெறிக்கும். எதையாவது ஊற்றியிருந்தால், வேலைக்கு வருபவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங் மெஷின் அடைப்பின் நடுவே ஒரு துளை போட்டுத் தண்ணீரை ஓடவைக்கும், குழாயின் சுற்றுச்சுவரில் ஒட்டியிருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் சில நாள்களில் மறுபடியும் மூடிக்கொள்கிறது. முதலில் வந்தவர் உங்கள் ட்ராப்பிலிருந்து விட்ட கம்பி, அடைப்பு இருக்கும் இடம் வரை போயிருக்குமா என்பதும் சந்தேகம்தான். சேம்பரிலிருந்து சேம்பருக்கு அழுத்த நீரைப் பீய்ச்சும் ஜெட்டிங் முறையில் குழாயின் உட்சுவரே சுத்தமாகும். சுட்டமண் குழாயாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்துச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஜெட்டிங் முடிந்ததும் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் உடைந்திருப்பதோ, நடுவில் தொய்ந்து நீர் தேங்குவதோ, வேர் நுழைந்திருப்பதோ படத்தில் தெரிந்தால் மட்டும், அந்த இடத்தை மட்டும் உடைத்தால் போதும். படம் காட்டாமல் தரை முழுவதையும் உடைக்கச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கூலியைப் பேசும்போதே, எந்தச் சேம்பரிலிருந்து எந்தச் சேம்பர் வரை என்று எழுதி வாங்குங்கள்.

சின்க்கை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகினால் கழன்று வரும். காப்பித் தூள் சக்கை, புளிச் சக்கை, சோற்றுப் பருக்கை எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து இறுகிக் கிடக்கும். அதைக் கழுவி மாட்டியும் நீர் மெதுவாக இறங்கினால், கிடைமட்டக் குழாயில் கொழுப்பு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். வெந்நீர் ஊற்றினால் கொழுப்பு உருகி, சற்றுத் தள்ளிப் போய் மறுபடி உறையும், அங்கே எடுப்பது இன்னும் கடினம். வாணலி எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் வீடுகளில் எங்களுக்கு வேலையே இருப்பதில்லை. நஹானி ட்ராப்பின் உள்ளே இருக்கும் கப் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்புறம் நாற்றத்துக்கும் கரப்பான்பூச்சிக்கும் தடையே இல்லை.

மாம்பலம் தரைத்தளம்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சங்கத்துக்காரர்களைக் கூட்டிச் சேம்பர்களைத் திறந்து பார்த்தோம். சமையலறைக்குப் பின்னால் உள்ளதும் மாடிப்படி அருகில் உள்ளதும் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிறைந்திருந்தன, மேலே வெள்ளைக் கட்டிகளாகக் கொழுப்பு மிதந்தது. வாயிற்கதவுக்குப் பக்கத்தில் டைல்ஸின் அடியில் மறைந்திருந்த மூன்றாவது சேம்பரைத் தேடிப்பிடித்துத் திறந்தபோது, வாய்க்காலில் மெல்லிய நீர் மட்டுமே ஓடியது. ஆக, மாடிப்படிக்கும் வாயிலுக்கும் இடையில்தான் அடைப்பு. அந்த வழியில்தான் பெரிய வேப்பமரம் நிற்கிறது. கல்லி ட்ராப்பை முன்பு யாரோ சிமென்ட் பூசி மூடியிருக்கிறார்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் ஒன்று மாடிப்படிச் சேம்பருக்குள் வந்து விழுவதையும் அப்போதுதான் கண்டோம்.

இப்போது இரண்டு கேள்விகள். செலவு எங்களுடையதா, எல்லோருடையதா என்று சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. மேலும், வாயிற்புறச் சேம்பர் ஆழமாக இருப்பதால், குறைந்த கூலிக்கு ஒருவர் உள்ளே இறங்கிக் கையாலேயே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். சிலர் அதற்கு இசைகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், கே.கே. நகர்:

உங்கள் மனம் சொல்வதே சரி, அதில் சற்றும் தளராதீர்கள். கழிவுநீர்க் குழிக்குள் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அந்தத் தடை அரசு அமைப்புகளுக்கு மட்டுமன்றித் தனிநபர்களுக்கும் பொருந்தும், முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. இப்பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தேங்கிய சாக்கடையைக் கிளறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தில்லை என்று இறங்கியவர் எண்ணும்போதே மயங்கி விழுந்துவிடுகிறார், தூக்கப் போனவரும் அவரோடு சேர்ந்து இறக்கிறார். குறைந்த கூலி என்று சொல்லி ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் அனுப்ப நம்மில் யாருக்கும் உரிமை இல்லை. சங்கக் கூட்டத்தில் இதை எழுத்திலேயே பதிவுசெய்யுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, மாடி வீடுகளின் நீரும் கலந்து ஓடும் குழாய் பொதுக் குழாய்தான். நீர் எந்த வீட்டில் மேலேறியது என்பதை வைத்து அந்த வீட்டின்மீது செலவைச் சுமத்துவது நியாயமன்று. எங்கள் குடியிருப்பில் எல்லா வீடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறோம். கடைசிச் சேம்பரும் நிறைந்து நின்றால் மட்டும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தெருக் குழாயில் அடைப்பு எடுப்பது வாரியத்தின் பொறுப்பு, அதற்கான ஜெட்டிங் இயந்திரங்கள் அவர்களிடம் உள்ளன.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:

நன்றாகத் தேடியிருக்கிறீர்கள் அம்மா. வேப்பமரத்தை வெட்ட வேண்டாம். பழைய குழாயின் சிமென்ட் இணைப்பில் கசியும் ஈரத்தைத் தேடி வேர் நுழைந்திருக்கும். கேமராவில் அது உறுதியானால், வேரை அறுத்துவிட்டு விடுவதில் பயனில்லை, மீண்டும் வளரும். மாடிப்படிச் சேம்பரிலிருந்து வாயிற்புறச் சேம்பர் வரை உள்ள பகுதியை மட்டும் தோண்டி, நிலத்தடிக் கழிவுநீருக்கென்று உள்ள இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15328 முத்திரையுடைய 6 அங்குலப் பி.வி.சி. குழாயை, ரப்பர் வளைய இணைப்புடன் பதியுங்கள். இடம் இருந்தால் மரத்திலிருந்து சற்று விலக்கிக் கொண்டுபோகலாம். சரிவு அறுபதுக்கு ஒன்று, அதாவது 10 அடிக்கு 2 அங்குலம் இருக்கட்டும். 4 அங்குலக் குழாயாக இருந்தால் 10 அடிக்கு 3 அங்குலம் வேண்டும்.

மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரிலிருந்து பிரித்து, மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்புங்கள். பருவமழையோடு உங்கள் தொல்லை கூடியதற்கு அது ஒரு காரணம். தரைத்தளக் குளியலறைக் குழாய், மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் இணைந்திருந்தால், அதைப் பிரித்துத் தனியாகச் சேம்பரில் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த வேலை முடியும் முன், நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம், ஏனென்றால் வால்வு மூடியிருக்கும் நேரமெல்லாம் உங்கள் வீட்டு நீரும் வெளியேற முடியாது. கல்லி ட்ராப்பின் சிமென்ட்டை உடைத்துக் கம்பி மூடி போடுங்கள். பள்ளத்தை மூடுவதற்கு முன் மாடி வீடுகளில் ஒரே நேரத்தில் தண்ணீர் திறந்துவிடச் சொல்லி, இரண்டு சேம்பர்களிலும் நீர் வாய்க்காலுக்குள்ளேயே ஓடுகிறதா என்று நின்று பாருங்கள். வாயிற்புறச் சேம்பருக்கு டைல்ஸ் மட்டத்திலேயே சட்டத்துடன் கூடிய மூடி போட்டுவிடலாம். குழாய் போகும் பாதையைச் சுவரிலிருந்து அளந்து, படமும் எடுத்துச் சங்கக் கோப்பில் வைத்துவிடுங்கள்.